லெபோ அம்பாங்கில் ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டர்: 1,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் வீட்டில் எவ்வளவு இறங்குகிறது?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே ரொட்டி போடுகிற அண்ணன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், எனக்கு ஏழு வருடப் பழக்கம். போன மாதம் ஒரு நாள் தே தாரேக் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நின்றார். "தம்பி, ஒரு கணக்குச் சொல்லுங்க. நான் லெபோ அம்பாங்குல போய் வரிசையில நின்னு அனுப்புறேன், 12 வெள்ளி எடுக்கிறாங்க. ரூம்ல இருக்குற பையன் போன்லயே அனுப்புறான், கட்டணமே கிடையாதுங்கிறான். நான் ஏமாந்துட்டு இருக்கனா?" என்று கேட்டார்.

என் வேலையே வறுமை, வருமானம், இடம்பெயர்வு பற்றிய அறிக்கைகளைப் படித்துச் சுருக்கி எழுதுவதுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் அண்ணே என்றேன். ஒரு ஞாயிறு மூன்று ஞாயிறானது. இந்த விமர்சனம் அப்படி வந்ததுதான். கடையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் குறைகள் இந்தத் தொழிலில் பலருக்கும் பொருந்தும், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமில்லை.

மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து போகிற தூரம்தான். லெபோ அம்பாங் நம் ஆட்களுக்குப் புதிய தெரு இல்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு. அந்தக் காலத்தில் பினாங்கு, ரங்கூன், கொழும்பு, சென்னை என்று பணம் கைமாறியது உண்டியல் என்ற ஒரு காகிதத்தை நம்பித்தான், அது ஊர் அறிந்த, மரியாதையான வியாபாரம். இன்றைக்கு உண்டியல் என்றால் சட்டத்துக்குப் புறம்பாகப் பணம் அனுப்புவது என்று அர்த்தம் மாறிவிட்டது. அதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

கடை சின்னது. கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கவுண்டர், சுவரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமச் சான்றிதழ், அதற்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் பலகை. இந்தியா, நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மார் என்று வரிசையாக விலை. ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போனால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், ஒன்பதரைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் முடியும். உட்கார ஆறு நாற்காலி, குடிக்கத் தண்ணீர் உண்டு. கவுண்டரில் இருக்கும் தங்கச்சி தமிழ் பேசுகிறார், அதைவிட முக்கியம், பொறுமையாகப் பேசுகிறார். அண்ணனிடம் வங்கிக் கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லித் திரும்ப வாசித்துக் காட்டினார், இந்திய வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் அப்படியே. இரண்டு வருடம் முன்பு வேறொரு இடத்தில் ஒரே ஓர் இலக்கம் மாறிப் போய், அண்ணனின் பணம் பதினொரு நாள் அந்தரத்தில் நின்றதாம். அந்தப் பதினொரு நாளும் அவர் வேலை முடிந்து தினமும் அங்கே போய் நின்றிருக்கிறார். அதனால் இந்தத் தங்கச்சி திரும்பப் படித்துக் காட்டுவதற்கே நான் ஒரு நட்சத்திரம் கொடுப்பேன்.

இப்போது கணக்கு. நாங்கள் போன அன்று என் போனில் பார்த்த சந்தை நடுவிலை, அதாவது நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது, ஒரு வெள்ளிக்கு 20.40 ரூபாய். கடைப் பலகையில் 20.05. கட்டணம் 12 வெள்ளி, எவ்வளவு அனுப்பினாலும் அதேதான். அண்ணன் 1,012 வெள்ளி கொடுத்தார், ஊரில் 20,050 ரூபாய் இறங்கியது. நடுவிலையில் போயிருந்தால் 20,400 இறங்கியிருக்க வேண்டும். அந்த 350 ரூபாய் வித்தியாசம் ஏறக்குறைய 17 வெள்ளி. ஆக 12 என்று அவர் நினைத்த செலவு உண்மையில் 29 வெள்ளி, அதாவது 2.9 சதவீதம்.

அறைப் பையனின் செயலியைத் திறந்து பார்த்தோம். 'கட்டணம் இல்லை' என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. விலை 19.85. ஆயிரம் வெள்ளிக்கு 19,850 ரூபாய்தான். நடுவிலைக்கும் அதற்கும் 550 ரூபாய் வித்தியாசம், 27 வெள்ளி. கட்டணமே இல்லாதது 27, கட்டணம் உள்ளது 29. அண்ணன் ரசீதைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கம் இந்த எண்களை நானே எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ ரெண்டு பேரும் எடுக்கிறாங்க, ஒருத்தர் சொல்லிட்டு எடுக்கிறார்" என்றார்.

ஆனால் அவர் மாதம் ஒரு தடவை ஆயிரமாக அனுப்புகிறவர் இல்லை. சம்பளத்தன்று ஒரு தொகை, நடுவில் அம்மாவுக்கு மருந்து என்றால் 300, தங்கச்சி வீட்டுச் சீர் என்றால் 200, மகளுக்கு டியூஷன் என்றால் மறுபடி 300. அந்த 300 வெள்ளிக்கும் கவுண்டரில் அதே 12 எடுக்கிறார்கள். விலையில் போகும் 5 வெள்ளியையும் சேர்த்தால் 17, கிட்டத்தட்ட 5.7 சதவீதம். செயலியில் அதே 300க்கு 8 வெள்ளிதான் போகும். யாருக்கு எது நல்லது என்பது அனுப்பும் தொகையைப் பொறுத்தே மாறுகிறது, இதைக் கவுண்டரிலும் சொல்வதில்லை, செயலியிலும் சொல்வதில்லை. என் பெரிய குறை இதுதான். பலகையில் வெள்ளிக்கு எவ்வளவு ரூபாய் என்று போடுகிறீர்கள். 300 போட்டால் கடைசியாக வீட்டில் எத்தனை ரூபாய் விழும், அதில் உங்களுக்குப் போவது எவ்வளவு என்று ஒரு வரி போட்டால் என்ன? ரசீதும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் அச்சாகிறது. வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

இந்த 3 சதவீதம், 5 சதவீதம் என்பதெல்லாம் நானாகப் பிடித்த கோடு இல்லை. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 10-வது இலக்கின் கீழ் ஒரு வரி இருக்கிறது: 2030-க்குள் புலம்பெயர்ந்த தொழிலாளர் பணம் அனுப்பும் செலவு 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், எந்த இரண்டு நாட்டுக்கு இடையிலும் 5-ஐத் தாண்டக் கூடாது. உலக வங்கி 200 டாலர் அனுப்பினால் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று நாடு நாடாக விலை எடுத்து வெளியிடுகிறது. உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கிறது, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பினால் 8-ஐ ஒட்டி. அதோடு ஒப்பிட்டால் கோலாலம்பூர் விலை நல்ல விலைதான், ஒப்புக்கொள்கிறேன். 2011-ல் வந்த பணச் சேவை வணிகச் சட்டத்தால் வங்கி அல்லாத கடைகளும் ஒரே ஒழுங்கின் கீழ் உரிமத்தோடு போட்டி போடுவதும், 2017 முதல் போனிலேயே ஆளை அடையாளம் பார்த்துப் பதிவு செய்ய அனுமதித்ததும் இங்கே விலையை இறக்க உதவியிருக்கின்றன. ஆனால் அந்த அளவுகோல் 200 டாலருக்கு. அண்ணனின் அவசர 300 வெள்ளி அதில் பாதி கூட இல்லை. அறிக்கையில் நாம் பாஸ், அவர் அம்மாவின் மருந்துச் சீட்டில் ஃபெயில்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டு உதவி பற்றிய சண்டை இப்போது உச்சத்தில் இருக்கிறது. 2024-ல் பணக்கார நாடுகளின் அதிகாரபூர்வ உதவி 212 பில்லியன் டாலருக்கு இறங்கியது, ஒரே ஆண்டில் 7 சதவீதத்துக்கு மேல் சரிவு. 2025 ஜூலையில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்டை மூடிவிட்டார்கள். பிரிட்டன் 2027-க்குள் உதவியைத் தன் நாட்டு வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்துவிட்டது. தடுப்பூசி, எச்.ஐ.வி. மருந்து, பஞ்சக் கஞ்சி எல்லாம் இதில் அடிபடுகின்றன, அந்த இடத்தை அண்ணனின் 1,000 வெள்ளி நிரப்பாது. அது வேறு, இது வேறு. உதவி குறைந்தால் என்ன, தொழிலாளர் பணம் இருக்கிறதே என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அதே 2024-ல் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணம் உலக வங்கி மதிப்பீட்டில் 685 பில்லியன் டாலர். அதிகாரபூர்வ உதவியைப் போல மூன்று பங்குக்கும் மேல். இந்தியாவுக்கு மட்டும் 129 பில்லியன். நேப்பாளத்தில் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு இப்படித்தான் வருகிறது, நம் கொண்டோ வாசலில் சலாம் வைக்கும் காவலாளிகளின் பணமும் அதில் இருக்கிறது. அப்படியிருக்க, இந்தப் பணத்தின் மேலேயே அமெரிக்கா 2026 ஜனவரியிலிருந்து ரொக்கமாக அனுப்பினால் 1 சதவீதம் வரி போட்டிருக்கிறது. வங்காளதேசம் நேர்மாறாக, முறையான வழியில் அனுப்பினால் மேலே 2.5 சதவீதம் சேர்த்துக் கொடுக்கிறது.

இந்தப் பணம் ஊரை வளர்க்கிறதா, தின்று தீர்க்கப்படுகிறதா என்பது பழைய விவாதம். வீடு கட்டுகிறார்கள், நகை வாங்குகிறார்கள், கல்யாணத்தில் கரைக்கிறார்கள் என்று நம் ஆட்களே சொல்வார்கள். டீன் யாங் என்ற பொருளியலாளர் 1997 ஆசிய நிதி நெருக்கடியை வைத்து இதை அழகாகச் சோதித்தார். பிலிப்பீன்ஸ் பெசோ விழுந்தபோது, சவுதியிலும் அமெரிக்காவிலும் இருந்த பிலிப்பினோக்களின் சம்பளம் ஊர்ப் பணத்தில் திடீரென்று பெருத்தது. மலேசியாவில் இருந்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை, ரிங்கிட்டும் கூடவே விழுந்துவிட்டது. உழைப்பு அதே உழைப்பு, விலை மட்டும் வேறு. யாருக்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்ததோ அந்த வீடுகளில் பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்து பள்ளிக்கூடம் போவது கூடியது, சொந்தத் தொழிலில் போட்ட நேரமும் கூடியது. நாணய விலையில் வரும் வித்தியாசம் ஒரு பிள்ளையின் படிப்பை அசைக்கிறது என்று 2008-ல் வந்த அந்த ஆய்வு காட்டியது. 20.05-க்கும் 19.85-க்கும் நடுவே என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அண்ணன் தன் போனில் ஒரு படம் காட்டினார். அண்ணி நாற்பது பக்க நோட்டில் எழுதும் கணக்கு. தேதி, வந்த ரூபாய், கீழே செலவு. மகள் பிளஸ் டூ புத்தகம், சீட்டு, மாமியார் பிரஷர் மாத்திரை, கேஸ். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு எண் குறைந்துகொண்டே வருகிறது. முதல் பக்கத்தில் 1,60,000. அது என்ன என்று கேட்டேன். "ஏஜெண்டுக்குக் கட்டுனது தம்பி. நகையை வச்சுத்தான வந்தேன்."

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என் விமர்சனமே வேறு பக்கம் திரும்பியது. கூட்டிப் பாருங்கள். மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் இரண்டு வருடம் இந்தக் கவுண்டரில் அனுப்பினால், கவுண்டருக்குப் போவது 29 பெருக்கல் 24, 696 வெள்ளி, சுமார் 14,000 ரூபாய். ஏஜெண்டுக்குப் போனது 1,60,000. பதினோரு மடங்கு, அதுவும் வட்டி சேர்க்காமல். அவர் அனுப்பிய பணத்தில் எட்டு மாதத்துப் பணம் அண்ணி கையைத் தொடாமலே போயிருக்கிறது. பணம் அனுப்பும் செலவுக்கு உலகம் ஒரு இலக்கு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து, அட்டவணை போடுகிறது. ஆளை அனுப்பும் செலவும் அதே 10-வது இலக்கின் கீழே ஒரு அளவீடாக இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு இத்தனை சதவீதத்துக்குள் வர வேண்டும் என்ற கோடு கிடையாது, அதைப் பற்றிய பேச்சும் அதில் பாதி இல்லை.

இதைக் குறைக்க முடியுமா என்றால் முடியும். அந்தச் சான்று நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் இருந்தே வந்திருக்கிறது. வங்காளதேசமும் மலேசியாவும் 2012-ல் ஏஜெண்டு இல்லாமல் அரசுக்கு அரசு என்று ஓர் ஏற்பாடு செய்தன. தோட்ட வேலைக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள், சுமார் 30,000 பேரைக் குலுக்கல் போட்டு எடுத்தார்கள். குலுக்கல் என்பதால் சீட்டு விழுந்தவருக்கும் விழாதவருக்கும் அதிர்ஷ்டத்தைத் தவிர வித்தியாசம் இல்லை, ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. முஷ்ஃபிக் மொபாரக், இஃபத் ஷரீஃப், மகேஸ்வர் ஷ்ரேஸ்தா மூவரும் ஐந்து வருடம் கழித்து 3,512 விண்ணப்பதாரர்களைப் பற்றி விசாரித்தார்கள். சீட்டு விழுந்தவர்களில் 76 சதவீதம் பேர் வெளிநாடு போயிருந்தார்கள், விழாதவர்களில் 19 சதவீதம். போனவர்களின் வருமானம் மூன்று மடங்குக்கும் மேல். ஊரில் வீட்டுச் செலவு ஆளுக்கு 22 சதவீதம் கூடியது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பேச்சுக்கும் மதிப்பு ஏறியது. வறுமை ஒழிப்புத் திட்டம் என்று கோடிகள் கொட்டப்படும் எத்தனையோ திட்டங்களில் இவ்வளவு பெரிய மாற்றத்தை நான் படித்ததில்லை. அரசு நடுவில் நின்று செலவைக் குறைத்ததும் இந்தப் பலனுக்கு ஒரு காரணம் என்று அவர்களே எழுதுகிறார்கள். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை, மறுபடியும் ஏஜெண்டுகள் கைக்கே போனது. 2024 மே 31-க்குள் மலேசியாவுக்குள் வந்துவிட வேண்டும் என்ற கெடுவுக்காக டாக்கா விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டிவிட்டு விமானம் கிடைக்காமல் நின்ற காட்சியை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம்.

இரண்டாவது ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், பாஸ்போர்ட்டின் போட்டோகாப்பியை நீட்டினான். மடித்து மடித்து மடிப்பெல்லாம் வெள்ளையாகியிருந்த காகிதம். அசல் வேண்டும் தம்பி என்றார் கவுண்டர்த் தங்கச்சி. அசல் முதலாளியிடம் இருக்கிறது, பர்மிட் அடிக்கக் கொடுத்து நாலு மாதம் ஆச்சு என்றான். அவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கும் குரலில் முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி, அனுப்பினால் கடையின் உரிமம் போய்விடும். ஒருவரின் பாஸ்போர்ட்டை இன்னொருவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படிக் குற்றம் என்பதும் சட்டம்தான், ஆனால் அதைக் கேட்க அந்தப் பையனுக்கு எந்தக் கவுண்டர் இருக்கிறது? காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அப்படிப் போகிறவர்கள் எங்கே போவார்கள் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். உண்டியல்காரர் பாஸ்போர்ட் கேட்பதில்லை, விலையும் சில நாள் நன்றாகவே கொடுப்பார், பணம் போய்ச் சேராவிட்டால் புகார் செய்யத்தான் வழியில்லை. பயங்கரவாதத்துக்குப் பணம் போகக் கூடாது என்று போட்ட விதிகள் 300 வெள்ளி அனுப்ப வந்த பையனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகின்றன. சின்னத் தொகைக்குத் தளர்ந்த அடையாள விதி வேண்டும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள், நான் முழுமனதோடு அந்தப் பக்கம்.

சரி, கடைக்கு வருகிறேன். ஐந்துக்கு நான்கு. பணம் அன்றே சேர்ந்தது, மூன்று தடவையும். ஒரு தடவை அனுப்பிய நாற்பது நிமிடத்தில் அண்ணியிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. ஒரு நட்சத்திரம் குறைத்தது சின்னத் தொகைக்கும் அதே 12 எடுப்பதற்கும், மொத்தச் செலவைச் சொல்லாததற்கும். 900 வெள்ளிக்கு மேல் என்றால் இந்தக் கவுண்டரும் செயலியும் ஏறக்குறைய ஒன்றுதான், 1,200-ஐத் தாண்டினால் கவுண்டர் லாபம், 500-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் செயலி. இது நான் போன நாட்களின் விலை, நீங்கள் போகும் அன்று இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் இவ்வளவு கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் விழும்? கட்டணத்தைக் கேட்கவே வேண்டாம்.

அண்ணனுக்குச் செயலி போட்டுக் கொடுத்தேன். முகத்தைக் காட்டச் சொன்னபோது ரொட்டிக் கல்லின் வெளிச்சத்தில் மூன்று தடவை தவறியது, வெளியே ஐந்தடிப் பாதையில் வந்து நின்றதும் எடுத்துக்கொண்டது. சம்பளத்தன்று கவுண்டர், மருந்துக்குச் செயலி என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஞாயிறு கடையில் அந்தத் தங்கச்சியிடம், 300, 500, 1,000-க்கு எத்தனை ரூபாய் சேரும் என்று ஒரு தாளில் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் எழுதிக் கண்ணாடியில் ஒட்ட முடியுமா என்று கேட்டேன். மேனேஜரிடம் சொல்கிறேன் அண்ணா என்றார். தமிழில் நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வங்காளமும் நேப்பாளியும் தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் எழுதிக் கொடுங்கள். ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது, அவருக்கும் பேச நேரம் இருக்கும்.